ராமாத்தாள் கொன்ற செடிகள்

ஜூன் 4, புதன்

முதல் மெயில் போய்விட்டது. ராகு காலம் பிறக்கும் முன்பே அனுப்பிவிட்டேன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். இனி வாராவாரம் புதன்தான்.

"மெயிலை எவன் படிக்கிறான்? பேங்குக்காரனும் லோன் குடுக்கறவனுந்தான் அனுப்பறான். நானெல்லாம் தொறக்கறதே இல்ல" என்றார் மயில்சாமி. என் வீட்டுக்காரர், பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டெண்ட். தான் படிக்காததை உலகத்தில் யாரும் படிக்கமாட்டார்கள் என்று அவருக்கு நினைப்பு.

இந்த ஆடி முடிகிறவரை நடப்பதையெல்லாம் எழுதி வைக்கப் போகிறேன். ஜெயித்தால் எப்படி ஜெயித்தேன் என்று தெரிய வேண்டும். தோற்றால் என்ன ஆகும் என்று எழுத மாட்டேன், ஏனென்றால் தோற்கப் போவதில்லை.

உடுமலைப்பேட்டை ஆறுச்சாமி விதைக்கடையில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆர்டர் எடுப்பது, பில் போடுவது, புகார் வந்தால் திட்டு வாங்குவது எல்லாம் நான்தான். விதை வாங்குகிறவர்களுக்கு எப்போது போடுவது, எப்படிப் போடுவது என்று மெயில் எழுதலாம் என்றேன். "விதை விக்கறதுக்குக் கடுதாசி எதுக்கு அம்மணி?" என்று சிரித்தார். முளைக்கவில்லை என்று எழுதிய ஒரு டீச்சருக்கு நானாகவே புது விதை அனுப்பினேன். அதற்குக் கடை நிறைய ஆள் இருக்கும்போது சத்தம் போட்டார். நான் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். "ஆடி முடியறதுக்குள்ள திரும்பி வருவே. உன்ற நாற்காலிய அப்படியே காலியா வெச்சிருப்பேன்" என்றார் பின்னாலிருந்து.

இப்போது வீட்டின் பின்னறை முழுக்க ஆடிப்பட்டத்துக்கு வாங்கிய விதை. 'கோகிலம் விதைகள்' என்று பாக்கெட்டில் என் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். கோகிலவாணி முழுதாகப் போட இடம் போதவில்லை. ஆடியில் விற்காத வெண்டையும் வெங்காயமும் அடுத்த வருஷம் பாதிகூட முளைக்காது. அப்புறம் அந்த நாற்காலிதான்.

கடையின் மெயில் பட்டியல் முழுக்க நான் தட்டி ஏற்றியது. அதிலிருந்து ஒரு பெயரைக்கூட எடுத்து வரவில்லை. தோட்டக்கலைக் கண்காட்சியில் மேஜை போட்டு, ஆளுக்கு ஒரு பிடி கொத்தவரை விதை கொடுத்து, "முகவரி எழுதிக் குடுங்க, எப்ப என்ன போடறதுன்னு எழுதறேன்" என்று கேட்டு வாங்கினேன். சின்னப் பட்டியல்தான், ஆனால் அத்தனையும் என்னுடையது.

ஜூன் 5, வியாழன்

யாரும் பதில் போடவில்லை. அத்தை, மயில்சாமியின் அம்மா, தொட்டியில் வைத்த கத்தரிக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். அது செத்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

ஜூன் 11, புதன்

இரண்டாவது மெயில். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். எங்கள் நிறுவனத்தின் தரமான விதைகள்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். மயில்சாமிக்குப் படித்துக் காட்டினேன். "கரண்டு ஆபீஸ் நோட்டீஸாட்டம் இருக்குது" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஒருத்தர் விலகிவிட்டார். ஜெயப்பிரகாஷ், சென்னை. 'இனி வேண்டாம்' என்ற பட்டனை அழுத்திவிட்டுப் போய்விட்டார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் ஒரு வாய் சாப்பிடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தால் பெண்ணைப் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. என்ன குறை என்று கேட்காமல் விடுவதா? கண்காட்சிச் சீட்டில் போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

"மேடம், பட்டனை அழுத்தினா போன் வருமா?" என்று பதறிப்போனார் அந்த ஆள்.

"வராதுங்க. நான்தான் கூப்பிட்டேன். உங்களுக்கு நாங்க என்ன தப்புங்க பண்ணிட்டோம்?"

"ஐயோ, தப்பெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். எந்தக் கடையில என்ன வாங்கினாலும் தினம் மெயில் வருது. இன்னிக்கு லீவு, உக்காந்து எல்லாத்தையும் மொத்தமா தூக்கிட்டேன். உங்களதுல என்ன இருந்துச்சுன்னே ஞாபகம் இல்ல, சாரி."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஞாபகமே இல்லையாம். இன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் உப்பு அதிகம் என்பதால்தான்.

ஜூன் 18, புதன்

கரண்ட் இல்லை. வந்தபோது ராகு காலத்துக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. யோசிக்க நேரமில்லாமல் கண்முன் இருந்ததை எழுதி அனுப்பிவிட்டேன். கண்முன் இருந்தது அத்தையின் கத்தரித் தொட்டி.

என் அத்தை ராமாத்தாள் மில் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். கலியாணம் ஆனதும் வந்து சேர்ந்தது இந்த டவுன் வீட்டுக்கு. செடி என்றால் அவருக்குச் சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைப்பது. விதை வியாபாரம் வீட்டுக்குள் வந்த பிறகு அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் கை வைத்த செடி ஒன்றும் தப்பவில்லை. எழுதியதை அப்படியே இங்கே ஒட்டி வைக்கிறேன்.

'ராமாத்தாள் கொன்ற கத்தரி. என் அத்தை ராமாத்தாள் ஒரு கத்தரியைக் கொன்றுவிட்டார். கொன்ற விதம்: அன்பு. தனக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் அதற்கும் ஒரு சொம்பு ஊற்றினார். வேர் அழுகிவிட்டது. உங்கள் தொட்டியில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் சொம்பைக் கீழே வையுங்கள். ஆடிக்குக் கத்தரி போட இப்போதே நாற்று விட வேண்டும். விதை என்னிடம் இருக்கிறது. அத்தையிடம் கொடுக்க மாட்டேன், உங்களுக்குத் தருவேன்.'

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. அத்தைக்கு மெயில் இல்லை, அந்த மட்டும் நிம்மதி.

ஜூன் 19, வியாழன்

பதில்! ஒன்று இரண்டு இல்லை.

'எங்கள் வீட்டிலும் ஒரு ராமாத்தாள் இருக்கிறார். அவருக்கு மீசை உண்டு, என் கணவர்.'

'ராமாத்தாள் அம்மாவிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் கற்றாழையையே கொன்றவள்.'

ஒரு திருப்பூர்க்காரர் தொட்டிக்குள் விரலை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். பாதிப் பேர் கத்தரி விதை கேட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் மயில்சாமியை உட்கார வைத்துப் பாக்கெட் ஒட்ட வைத்தேன். "மெயிலை எவன் படிக்கிறான்?" என்று ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கேட்டேன். தலையைத் தூக்கவே இல்லை மனுஷன்.

விலகிப் போன ஜெயப்பிரகாஷ் திரும்பி வந்துவிட்டார். அவருடைய ஆபீஸில் யாரோ அவருக்கே இதை அனுப்பியிருக்கிறார்கள். 'இந்தக் கடையிலிருந்துதான் எனக்குப் போன் வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன் மேடம்' என்று எழுதியிருக்கிறார்.

இதை எழுதாமல் இருக்கலாம், ஆனாலும் எழுதுகிறேன். மெயிலை யார் யார் திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் காட்டும். ஆறுச்சாமி கடை முகவரி அதில் இருக்கிறது. போன வாரம் அவராகவே பெயர் கொடுத்துச் சேர்ந்திருக்கிறார். நேற்றைய மெயிலை ஒரு தடவை இல்லை, எட்டுத் தடவை திறந்திருக்கிறார். கடுதாசி எதுக்கு என்று கேட்டவர்!

ஜூன் 26, வியாழன்

நேற்றைய மெயில்: ராமாத்தாள் கொன்ற தக்காளி. அரிசி கழுவிய தண்ணீர் நல்லது என்று யாரோ சொல்ல, சோறு வடித்த கஞ்சியை உப்போடு சேர்த்துச் சூடாக ஊற்றிவிட்டார்.

ஆர்டர் குறையவில்லை. காலையில் ஈரத்துணியில் விதை முடிந்து முளைப்பு பார்க்கிறேன். துணியில் முளைக்காத மூட்டை பாக்கெட்டுக்குப் போகாது. அதையும் மெயிலில் எழுதினேன். இந்த வாரம் பீர்க்கன் துணியில் சரியாக முளைக்கவில்லை, அதனால் விற்கவில்லை என்று. விற்காத பீர்க்கனுக்கும் நாலு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

"எல்லாரும் எதுக்குக் கண்ணு என்னைய வெசாரிக்கறாங்க?" என்று அத்தை கேட்டார். போஸ்ட் ஆபீஸில் கிளார்க் அம்மா கூடக் கேட்டாராம். பெரியவங்க என்ற மரியாதை அத்தை என்று சொல்லிவிட்டேன்.

ஆறுச்சாமி முகவரி: திறந்து, மூடி, சாயங்காலம் மறுபடியும் திறந்து.

ஜூலை 2, புதன்

"அந்தாளு நோட்டம் பாக்கறதுக்குத்தான் சேந்திருக்கறாரு. பட்டியல்ல இருந்து தூக்கிப் போடு" என்றார் மயில்சாமி.

தூக்க மாட்டேன். படிக்கட்டும். வாராவாரம் படித்து வாராவாரம் வயிறு எரியட்டும். எழுதும்போது அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு படிப்பதை நினைத்துக்கொள்கிறேன். ஒரு வரி நன்றாக வந்தால், இதை எப்படிப் படிப்பார் என்று தோன்றுகிறது. அவருக்காக எழுதுகிறேன் என்று அர்த்தமில்லை.

ஜூலை 9, புதன்

இன்றைய மெயில் நான் எழுதியதிலேயே நல்லது. ராமாத்தாள் கொன்ற வெண்டை. இலையில் பூச்சி கண்டதும் அத்தை தலைவலித் தைலத்தை எடுத்து ஒவ்வொரு இலைக்கும் தேய்த்துவிட்டார். பூச்சி போய்விட்டது. செடியும் போய்விட்டது. தொட்டிப் பக்கம் போனால் இன்னும் ஜலதோஷம் விட்டுப்போகிறது.

ஜூலை 12, சனி

எதிர்பார்த்ததுதான். ஆறுச்சாமியும் மெயில் அனுப்பத் தொடங்கிவிட்டார். ஆடித் தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அவர் பட்டியல் என்னுடையதைப் போல எத்தனை மடங்கு என்று எனக்குத் தெரியாதா? ஏற்றியவளே நான்தானே.

வியாழக்கிழமை ஆர்டர் பாதியாகக் குறைந்தது. நேற்று அதிலும் பாதி. இன்று ஒன்றும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

ஆடி பிறக்க மூன்றே நாள். வெண்டை மூட்டை அப்படியே இருக்கிறது. பயமெல்லாம் இல்லை. எலி வந்திருக்குமோ என்று பார்க்கத்தான் பின்னறையை அடிக்கடி திறந்தேன்.

மாவு மில்லுக்குப் போகும்போது ஆறுச்சாமி கடை வழியாகப் போனேன். மாவு மில் அந்தப் பக்கம் இல்லை என்று மயில்சாமி சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்? கடையில் கூட்டம். உள்ளே என் நாற்காலி தெரிகிறதா என்று பார்த்தேன். ஆட்கள் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 16, புதன்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது? சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது, நடுவில் கோபமும் வருகிறது.

காலையில் மெயில் அனுப்ப உட்கார்ந்தேன். அதற்குள் ஜெயப்பிரகாஷிடமிருந்து ஒன்று வந்து கிடந்தது. 'மேடம், ராமாத்தாள் அம்மா கட்சி மாறிட்டாங்களா?' என்று கேட்டு, கீழே ஆறுச்சாமி விதைக்கடையின் புது மெயிலைச் சேர்த்திருந்தார்.

என் வெண்டை மெயில். எழுத்துக்கு எழுத்து என்னுடையது. தைலம், ஜலதோஷம், எல்லாம். 'என் அத்தை ராமாத்தாள் இந்த வாரம் ஒரு வெண்டையைக் கொன்றுவிட்டார்' என்று தொடங்கி, கடைசியில் 'இப்படிக்கு, ஆறுச்சாமி, உரிமையாளர்' என்று முடிகிறது. பக்கத்தில் மீசையோடு அவர் போட்டோ.

பதினோரு வருஷம் உட்கார்ந்த கடை. கேட்டிருந்தால் வந்து எழுதிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. திருடி, அதையும் பெயர்கூட மாற்றாமலா? மத்தியானத்துக்குள் என் வாசகர்கள் வரிசையாக அதை எனக்கு அனுப்பிவிட்டார்கள். 'இது உங்கள் குரல், நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்' என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். என் குரல் என்று ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூலை 17, வியாழன், ஆடி முதல் நாள்

ஆடி நோம்பி, ஆடி பிறக்கும் பண்டிகை. அத்தை விடிந்ததிலிருந்து பருப்புப் பூரணம் வைத்துப் போளி, எங்கள் பேச்சில் ஒப்புட்டு, சுட்டுக்கொண்டிருந்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் போன் அடித்து அவர் எடுத்துவிட்டார்.

வெளியே வந்தபோது போனை ஒரு அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மணி, மெட்ராஸ்ல இருந்து ஒரு பொண்ணு பேசுது. வெண்டைக்குத் தேச்ச தைலம் பச்சையா மஞ்சளான்னு கேக்குது. அவளுக்கு எப்படித் தெரியும்?"

இனி மறைக்க முடியாது. கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கத்தரி, தக்காளி, வெண்டை. அடுப்பில் ஒப்புட்டு கருகும் வாசனை வந்தது, இருவருமே எழுந்திருக்கவில்லை. கிடைக்கப் போகிற திட்டுக்கு நான் தயாராகவே இருந்தேன்.

"இத எத்தன பேரு படிக்கறாங்க?"

சொன்னேன்.

"அத்தன பேருமா என்ற பேர படிக்கறாங்க?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "மில் கேட்டுல சம்பளத்துக்கு நிக்கறப்பகூட எங்கப்பன் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. அப்பறம் உங்க மாமன் பேரு. என்ற பேர ரேசன் கடைக்காரன் தவிர எவன் கூப்பிட்டிருக்கான்? சரி, எழுது. ஆனா கெழவின்னு மட்டும் எழுதிப்போடாத."

அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஆறுச்சாமி மெயிலையும் காட்டினேன்.

அத்தை அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "அவன் என்னைய அத்தைன்னா எழுதியிருக்கான்?" என்றார். ஒப்புட்டில் கருகாத நாலை எடுத்து வாழை இலையில் மடித்தார். செருப்பைப் போட்டார். அத்தைக்கு எழுபது வயது, அப்படி ஒரு நடையை அவரிடம் நான் பார்த்ததில்லை. பின்னால் நான் ஓடினேன்.

கடையில் ஆடிக் கூட்டம். ஆறுச்சாமி கல்லாவில் இருந்தார். அத்தை நேரே போய் இலைப் பொட்டலத்தைக் கல்லாமேல் வைத்தார்.

"வா மாப்பிள்ளை, போலாம்."

"யாருங்கம்மா நீங்க?" என்றார் ஆறுச்சாமி.

"பாத்தியா, மாமியாளையே தெரியல. நான்தாம்பா உங்கத்தை, ராமாத்தாள். நீ எழுதியிருக்கறயே ஊருக்கெல்லாம். எனக்குப் பொறந்தது ஒரே பையன், பொண்ணே கெடையாது. உனக்கு எந்தப் பொண்ண எப்பக் குடுத்தேன்னு எனக்கே மறந்துபோச்சு. இன்னைக்குத் தல ஆடி. மாப்பிள்ளைய விருந்துக்குக் கூப்பிடாம உட்டது என்ற தப்புத்தான். எலை போட்டிருக்கு, வா."

கூட்டம் திரும்பிவிட்டது. ஆறுச்சாமிக்கு வேர்த்துவிட்டது. "அம்மா, அத்தைன்னா அப்பன்கூடப் பொறந்தவங்களையும் சொல்றதுதான்" என்று என்னவோ சமாளித்தார்.

"அப்படியா? அப்ப நான் உங்கப்பன்கூடப் பொறந்தவளா? அதுவும் சரிதான். சொத்துல என்ற பங்க எப்பப்பா பிரிச்சுக் குடுக்கறே?"

கடையே சிரித்தது. மூட்டை தூக்குகிறவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆறுச்சாமி உள்பக்கம் திரும்பி, "வசந்தா, என்ன கருமத்த எழுதி அனுப்புன?" என்று கத்தினார்.

அப்போதுதான் கவனித்தேன். கம்ப்யூட்டர் முன்னால், என் நாற்காலியில், அவர் மனைவி வசந்தாமணியக்கா உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். தோள் குலுங்கியது. பாவம், பயந்து அழுகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னதத்தானுங்க போட்டேன். எனக்கென்ன தெரியும்?" என்றார்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அத்தை, "அந்த ஒப்புட்டத் திருப்பி எடுத்துட்டு வந்திருக்கோணும்" என்றார்.

ஜூலை 23, புதன்

மெயில் அனுப்பியாகிவிட்டது. தலைப்பு: ராமாத்தாளுக்கு ஒரு மாப்பிள்ளை. கடை பெயரோ அவர் பெயரோ போடவில்லை. 'என் அத்தையை அவருக்கே தெரியாமல் ஒருவர் அத்தையாக்கிக்கொண்டார், அத்தை நோம்பிக்கு அழைக்கப் போனார்' என்று மட்டும் எழுதினேன். அனுப்பும் முன் அத்தை ஒரு தடவை கேட்டு, "ஒப்புட்டு நாலுன்னு போட்டா கஞ்சம்னு நெனச்சுக்குவாங்க, எட்டுன்னு போடு" என்று திருத்தினார். எட்டு என்று போட்டேன்.

கடைசியில் எழுதினேன்: 'மெயிலைப் படித்ததற்கு நன்றி. வெண்டை இருக்கிறது. துணியில் முளைத்தது, தைலம் படாதது.'

ஜூலை 24, வியாழன்

வெண்டை பாதி மூட்டை போய்விட்டது. ஒரே நாளில்!

ஜூலை 28, திங்கள்

எழுத நேரமில்லை. மயில்சாமி லீவு போட்டுப் பாக்கெட் ஒட்டுகிறார். அத்தை முகவரிகளைச் சத்தமாகப் படிக்கிறார், நான் எழுதுகிறேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், மேற்கு மாம்பலம் என்று கூட்டி முடிப்பதற்குள் விடிந்துவிடும். ஆனாலும் விடமாட்டேன் என்கிறார். "எனக்கு வந்த கடுதாசிய நாந்தான் படிப்பேன்."

திருச்சியில் ஒருவர் எழுதியிருந்தார்: 'விதை இங்கேயும் கிடைக்கும், இலவசமாகவும் கிடைக்கும். செத்துப்போனால் யாரிடம் சொல்வது என்பதற்காகத்தான் உங்களிடம் வாங்குகிறேன்.' இதைப் பெரிதாக எழுதிப் பின்னறைக் கதவில் ஒட்டினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

பின்னறையைக் கூட்டினேன். கூட்டுவதற்கு இடம் இருக்கிறது! ஒரு மூலையில் கொஞ்சம் அவரை, கொஞ்சம் கொத்தவரை. வெண்டையும் வெங்காயமும் துடைத்துப் போட்ட மாதிரி காலி. அத்தை அறை நடுவில் நின்று, "இங்க ஒரு கட்டில் போடலாமே" என்றார். போட முடியாது, ஐப்பசிக்கு மூட்டை வரும்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், ரொம்பப் பெருமையாக இருக்கிறது. நான் திரும்பிப் போகப் போவதில்லை.

மயில்சாமி இன்று மெயில் பட்டியலில் பெயர் கொடுத்தார். என்னிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சொன்னது.

ஆகஸ்ட் 6, புதன்

ஒரு ஆர்டர். வெண்டை ஒரு பாக்கெட் கேட்டு, ஆறுச்சாமி கடை முகவரியிலிருந்து. கூடவே ஒரு மெயில். படிக்கப் படிக்க எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

'கோகிலாவுக்கு வசந்தாமணி எழுதுவது. நீ போன மறு வாரமே உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டார், சம்பளம் மிச்சம் என்று. மெயில் பக்கம் அவர் வந்ததே கிடையாது, உன் பட்டியலில் சேர்ந்ததும் நான்தான், பார்ப்பதும் நான்தான். உன்னதைக் காலையில் ஒரு தடவை, அவர் சாப்பிடப் போனால் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை படிப்பேன். கடையில் எனக்குச் சிரிப்பு வருவது அதற்கு மட்டும்தான். உன் மெயிலைப் பற்றிக் கடைக்கு வந்தவர்கள் பேசியதும், அவ எழுதுற மாதிரியே எழுதிப் போடு என்றார். எனக்கு எழுத வருமா? அப்படியே எடுத்துப் போட்டேன். அத்தை பேரை மட்டும் மாற்றலாம் என்று கை போனது. மாற்றினால் கதை செத்துப்போகும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒப்புட்டு நன்றாக இருந்தது, நாலையும் நானே தின்றேன், நாலுதான், எட்டு இல்லை. மாடியில் எங்கள் கடை வெண்டையைப் போட்டேன், ஒன்றும் முளைக்கவில்லை. உன்னது அனுப்பு. வீடு பக்கத்துத் தெருதான் என்று கையில் கொண்டுவந்து கொடுக்காதே. கொரியரில், கடை முகவரிக்கு, பாக்கெட்டில் பேர் பெரிதாகத் தெரிகிற மாதிரி அனுப்பு.'

ஆக அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. எட்டுத் தடவையும் அவர் இல்லை. மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு... சரி, அதை விடு. மத்தியானம் வரை ஒரு வேலையும் ஓடவில்லை. அத்தை வந்து, "உனக்கு என்ன, தலைவலியா, தைலம் தேச்சு விடட்டா?" என்றார். ஓடிவிட்டேன்.

வெண்டை மூட்டைதான் காலியாகிவிட்டதே. துணியில் முளைப்பு பார்க்க ஒதுக்கி வைத்திருந்த விதை கொஞ்சம் இருந்தது. அதில் நல்லதாகப் பொறுக்கிப் பாக்கெட் போட்டேன். 'கோகிலம் விதைகள்' என்பதற்குக் கீழே, இடம் பார்த்து, முழுப் பெயரையும் எழுதினேன். கோகிலவாணி, உரிமையாளர்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் வசந்தாமணியக்காவிடமிருந்து மெயில்: 'வந்துவிட்டது. நான் மாடியில் வேலையாக இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.'

என்ன அர்த்தம் என்று முதலில் புரியவில்லை. பிறகு கொரியர்காரர்கள் அனுப்பிய செய்தியைத் திறந்து பார்த்தேன். அத்தைக்கும் படித்துக் காட்டினேன். ஒருமுறை போதாது என்று தானே எழுத்துக் கூட்டி மறுபடியும் படித்தார்.

பொருள்: கோகிலம் விதைகள். அனுப்பியவர்: கோகிலவாணி. கையெழுத்துப் போட்டு வாங்கியவர்: ஆறுச்சாமி.